நெருக்கடிக் காலத்தில் வீட்டுக் கடன்



சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இன்று இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, உத்தியோகத்தின் பொருட்டு வந்து, பல்லாண்டுகள் வாடகைக்கு இருந்து, பின்னர்க் கடன் பெற்று வாங்கிய அடுக்கு வீடு. மற்றொன்று, ஊரிலுள்ள பாகம் பிரியாத பூர்விக வீடு. அல்லது ஓய்வு பெற்றபின் திரும்பிப் போகலாம் என்ற எண்ணத்தில் வாங்கிப் போட்ட மனை. நல்ல காலத்தில் இவ்விரண்டும் நமக்குப் பெருமை தருவன. ஆனால், தொழில்கள் மந்தமாகி வருமானம் குன்றும் காலத்தில், இவற்றுள் எதைக் காப்பது, எதை விடுவது, எப்பொழுது விடுவது என்ற வினா எழுகின்றது. உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில், அந்த வினாவிற்கு நாமேதான் விடை காண வேண்டியிருக்கின்றது. அதைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நெருக்கடி நம் வீட்டை மூன்று வழிகளில் வந்து எட்டுகின்றது. வேலை போகலாம், அல்லது சம்பளம் குறையலாம். வட்டி உயரலாம். வீட்டின் விலை விழுந்து, விற்க நினைத்தாலும் வாங்குவார் இல்லாமற் போகலாம். இம்மூன்றும் எப்பொழுதும் ஒன்றாக வருவதில்லை. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீட்டுக் கடன்களில் தொடங்கிய முறிவு உலகெங்கும் பரவியபோது, நம் நாட்டில் வேலைகளுக்கு ஆபத்து வந்தது, வட்டியோ குறைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நூற்றுக்கு 9 ஆக இருந்த ரிசர்வ் பாங்கின் ரெப்போ வட்டி, 2009 ஏப்ரலில் 4.75 ஆக இறங்கியது. 2020-இல் தொற்றுநோய் பரவியபோதும் அவ்வாறே நூற்றுக்கு 4 வரை இறக்கப்பட்டது. பின்னர் 2022 மே மாதத்திற்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே அதே வட்டி நூற்றுக்கு 6.5 ஆக ஏறியது. அக்காலத்தில் பலருக்கு வேலை நிலைத்திருந்தது. கடனின் சுமைதான் ஓசையின்றிக் கூடியது. ஆகையால், நெருக்கடி என்றவுடன் அஞ்சுவதற்கு முன், நம்மை வந்து தொட்டிருப்பது இம்மூன்றில் எது என்று தெளிதல் வேண்டும். வேலை போனவனுக்குரிய மருந்து வேறு; வட்டி ஏறியவனுக்குரிய மருந்து வேறு.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கார் ஆணைகளையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒரு சொல் சிறிது பிறழ்ந்தால், அதைப் படிப்பவரின் பை காலியாகிவிடும். 2020 மார்ச்சு 27-ஆம் தேதி, கடன் தவணைகளை மூன்று மாதம் கட்டாமல் நிறுத்திவைக்கலாம் என்று ரிசர்வ் பாங்கு பாங்குகளுக்கு அனுமதி அளித்தது. பின்னர் அச்சலுகை ஆகஸ்டு 31 வரை நீடிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'மாரட்டோரியம்' எனப்பட்ட இதற்குத் தமிழில் சரியான பெயர் 'தள்ளிவைப்பு'. ஆனால் வாய்ப்பேச்சில் அது பல இடங்களில் 'தள்ளுபடி' ஆகிவிட்டது. இவ்விரு சொற்களும் ஒரே வினையடியிற் பிறந்தவை. ஆயினும், தள்ளுபடியில் கடன் போய்விடுகின்றது. தள்ளிவைப்பில் கடன் இருக்கின்றது, அதன்மீது வட்டியும் வளர்கின்றது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 30 லட்சம் ரூபாயை நூற்றுக்கு 8 வட்டியில் 20 ஆண்டுக் கெடுவிற்குக் கடன் வாங்குகிறார். அவருடைய மாதத் தவணை ஏறக்குறைய 25,093 ரூபாய். கடன் வாங்கிய உடனேயே ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்கிறார் எனக் கொள்வோம். அவர் கட்டாமல் விட்டது சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். அந்த ஆறு மாதத்து வட்டி அசலோடு சேர்ந்துகொள்ள, பழைய தவணைத் தொகையையே அவர் தொடர்ந்து கட்டி வந்தால், 240 தவணைகளில் தீர வேண்டிய கடன் ஏறக்குறைய 266 தவணைகளில்தான் தீரும். ஆறு தவணைகளை விட்டதற்கு 26 தவணைகள் மிகையாகின்றன. அவற்றின் மொத்தம் ஆறரை லட்சம் ரூபாய். வட்டியின்மேல் வட்டி வாங்கலாகாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆயினும், வட்டியை முழுதும் நீக்க வேண்டும் என்ற வேண்டுகோளை அது ஏற்கவில்லை. வட்டியின்மேல் வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மேற்கூறிய கணக்கில் பெரிய மாற்றம் இல்லை.

இதனால் அத்தகைய சலுகையை ஏற்கவே கூடாது என்பது நம் கருத்தன்று. வேலை போய், அடுப்பெரிய வழியில்லாதவர்க்கு அது உயிர் காக்கும் உதவி. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது, 'கொடுக்கிறார்களே, வாங்கிக்கொள்வோம்' என்று அதை ஏற்பவர்தாம் நட்டமடைகின்றனர்.

இனி, வட்டி ஏறும் காலத்தைப் பார்ப்போம். மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு, வட்டி ஏறும்போது மாதத் தவணையை உயர்த்தாமல், கெடுவை நீட்டிவிடுவது பாங்குகளின் வழக்கம். மாதந்தோறும் கணக்கிலிருந்து போகும் தொகை மாறாததால், நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மேற்கூறிய 30 லட்ச ரூபாய்க் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 8-லிருந்து 9 ஆகிறது என்று கொள்வோம். தவணை 25,093 ரூபாயாகவே நின்றால், 20 ஆண்டுக் கடன் 25 ஆண்டு 4 மாதக் கடனாகிவிடும். கட்ட வேண்டிய மொத்த வட்டி 30 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 46 லட்சமாகும். அதற்குப் பதிலாக, மாதத் தவணையை 26,992 ரூபாயாக உயர்த்திக்கொண்டால், கெடு 20 ஆண்டாகவே இருக்கும்; மொத்த வட்டி 35 லட்சத்திற்குள் அடங்கும். மாதம் 1,900 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால், முடிவில் 11 லட்சத்துக்கு மேல் மிச்சமாகின்றது. ஐம்பத்தெட்டு வயதிலோ அறுபது வயதிலோ ஓய்வு பெறவேண்டியவருக்குக் கெடு ஐந்தாண்டு நீளுவது என்றால் என்ன பொருள்? ஓய்வூதியத்திலிருந்தோ சேமநிதியிலிருந்தோ தவணை கட்டவேண்டும் என்பதுதான்.

இந்த நிலைமையை உணர்ந்தே, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு ஓர் ஆணை பிறப்பித்தது. வட்டி மாறும்போது தவணையிலோ கெடுவிலோ ஏற்படும் விளைவைக் கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை உயர்த்துவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டையும் சிறிது சிறிதாகச் செய்வதா என்பதைத் தேர்ந்துகொள்ள அவருக்கு இடமளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே, 'என் கடன் எந்த ஆண்டு, எந்த மாதம் முடியும்?' என்று பாங்கினரை எழுத்து மூலம் கேளுங்கள். கையிலுள்ள பழைய அட்டவணையை நம்பியிருத்தல் போதாது.

அதனுடன் மற்றொன்றையும் கேட்டறிய வேண்டும். 2008-09-இல் ரிசர்வ் பாங்கு வட்டியைப் பாதியளவு குறைத்தும், பழைய கடன்காரர் பலருக்கு அந்தப் பலன் முழுமையாகக் கிட்டவில்லை. பாங்குகள் தாங்களே வகுத்த அடிப்படை வட்டியோடு கடனைப் பிணைத்திருந்தமை அதற்கு ஒரு காரணம். 2019 அக்டோபர் 1 முதல், பாங்குகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன் வாங்கிய கடன், நாம் கேட்டாலன்றி, பழைய முறையிலேயே கிடக்கும். வட்டி இறங்கும் காலத்தில் அது நமக்கு இழப்பு. புதிய முறைக்கு மாற என்ன செலவாகும் என்று விசாரித்து, கணக்கிட்டு, மாறிக்கொள்ளலாம். கையில் சிறிது பணம் சேரும்போது அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதும் நன்று. சொந்தத் தேவைக்காகத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்குப் பாங்கு அபராதம் வசூலிக்கலாகாது.

அடுத்து, மூன்றாவது நிலை. தவணை கட்டவே வழியில்லை என்னும் நிலை வருமாயின் என் செய்வது?

நம்மவர் பலர் இங்கேதான் தடுமாறுகின்றனர். முதல் மாதம் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டுவர். இரண்டாம் மாதம் கடன் அட்டையிலிருந்து எடுப்பர். மூன்றாம் மாதம் அலுவலக நண்பரிடம் கைமாற்றுக் கேட்பர். பாங்கிலிருந்து வரும் தொலைபேசியை மட்டும் எடுக்கமாட்டார். நகைக் கடனுக்குப் பெரும்பாலும் வீட்டுக் கடனைவிட வட்டி மிகுதி, கெடு குறைவு. கடன் அட்டையின் வட்டியோ அதைவிடப் பன்மடங்கு. குறைந்த வட்டிக் கடனை நிறைவேற்றுவதற்காக மிகுந்த வட்டிக் கடனில் விழுவது, ஒழுகும் கூரைக்காகச் சுவரைப் பெயர்ப்பதை ஒக்கும்.

காலத்தின் கணக்கை அறிந்துகொள்ளுங்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், பாங்கு அதனை வாராக்கடன் வகையிற் சேர்க்கும். அதன்பின் 2002-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 'சர்ஃபாசி' சட்டத்தின்படி, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமான வீட்டைக் கைப்பற்ற அதற்கு அதிகாரம் உண்டு. முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கு நாம் ஆட்சேபம் எழுதினால், 15 நாட்களுக்குள் காரணத்தோடு மறுமொழி தர வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நிலுவை முழுவதையும் செலவுகளோடு கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை நமக்குண்டு. ஆனால், 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னரே அதைச் செய்தாக வேண்டும். ஏல நாள் வரை காத்திருக்கலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

இந்த நாட்கணக்கு முழுவதிலும் நமக்கு மிகுந்த பயன் தரும் நாட்கள், முதல் தவணை தவறுவதற்கு முற்பட்ட நாட்களே. அப்பொழுது கிளை மானேஜரின் எதிரில் உட்காருகிறவர் ஒழுங்காகப் பணம் கட்டி வந்த வாடிக்கையாளர். வேலை போன கடிதத்தையும், கையிலிருக்கும் சேமிப்பின் கணக்கையும், இன்னும் எத்தனை மாதத்தில் எவ்வளவு கட்ட இயலும் என்ற மதிப்பையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்டால், கெடுவை நீட்டவோ, சில மாதம் தவணையைக் குறைக்கவோ பாங்கு இணங்கக்கூடும். கட்டாயம் இணங்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால், மூன்று தவணைகள் தவறியபின் அதே மேசைக்குப் போகிறவருக்கு அவ்வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகின்றது. பேசியதை எல்லாம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முறையீட்டிற்கு 30 நாட்களுக்குள் தக்க மறுமொழி வராவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021-இல் வகுக்கப்பட்ட திட்டம் எந்த மொழியிலும் முறையீட்டை எழுதி அனுப்ப இடமளித்தது. இந்தியோ ஆங்கிலமோ சரளமாக வராத நம் பெரியோர்கள் தமிழிலேயே எழுதத் தயங்க வேண்டியதில்லை.

எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் ஒன்றை விற்றே ஆகவேண்டும் என்று வந்தால், எதை விற்பது? வசிக்கும் வீட்டையா, ஊர் மனையையா?

குடும்பம் குடியிருக்கும் வீட்டைக் காத்து, பயன்படாமல் கிடக்கும் மனையை விற்பதே பொதுவாக அறிவுடைமை. அந்த மனை ஆண்டுதோறும் வருமானம் தருவதில்லை. கடனோ மாதந்தோறும் வட்டி கேட்கின்றது. ஆனால், விற்க நினைத்த அன்றே மனை விலை போவதற்கு, அதன் தஸ்தாவேஜுகள் ஒழுங்காக இருத்தல் வேண்டும். பட்டா நம் பெயருக்கு மாறியிருக்கின்றதா? வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோமா? தகப்பனார் காலமானபின் வாரிசுகள் கூடிப் பாகப் பிரிவினை எழுதிக்கொண்டோமா? மனைப் பிரிவு அங்கீகாரம் பெற்றதா? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, விளம்பரத்தை நம்பி வெளியூரிலிருந்தே பணம் அனுப்பி மனை வாங்கிய பலர் அதை விற்க முடியாமல் திகைத்தனர். பின்னர், 2017-இல் அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் செய்யப்பட்டன. உங்கள் மனை அவ்வாறு முறைப்படுத்தப்பட்டுள்ளதா என்பதை அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். வில்லங்கத்தையும் பட்டாவையும் பார்க்க இப்பொழுது பயணமும் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பதிவுத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் இணையதளங்களிலேயே பார்க்கலாம்.

இவ்விடத்தில் டில்லிவாசிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம், அதாவது 'பவர்' எழுதி வாங்கி, வீடு வாங்கியோர் தலைநகரில் ஏராளம். அத்தகைய பத்திரத்தினால் மட்டும் உரிமை மாறிவிடுவதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. டில்லியின் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போருக்கு உரிமை வழங்க 2019-இல் தனிச் சட்டம் வந்தது. அதற்குரியவர்கள் அந்த உரிமையை முறைப்படி பெற்றுக்கொள்வது நன்று. பத்திரம் முழுமையாக இல்லாத வீட்டிற்கு வாங்குவோருக்குப் பாங்குக் கடன் கிடைப்பது அரிது. மந்த காலத்தில் அதன் விலை முதலில் விழும்.

குடியிருக்கும் வீட்டையே விற்கவேண்டிய நிலை வந்தாலும் மனம் உடைந்துவிட வேண்டாம். அடமானத்திலுள்ள வீட்டை விற்கவே முடியாது என்பது தவறான எண்ணம். பாங்கின் சம்மதத்தோடு, வாங்குபவர் தரும் தொகையிலிருந்து கடனைத் தீர்த்து, மிகுதியை நாம் பெற்றுக்கொள்ளலாம். ஏலத்தில் போகும் வீட்டின் விலையை நாம் பேரம் பேச இயலாது. தொகை போதாவிட்டால் எஞ்சிய கடனும் நம்மைத் தொடரும். நாமே விற்றால் வாங்குபவரை நாம் தேடலாம், விலையை நாம் பேசலாம். வரி எவ்வளவு வரும் என்பதை மட்டும் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நெருக்கடிக் காலத்தில் கையில் பணம் உள்ளவர்க்கு வேறொரு சபலம் தோன்றும். 'விலை இறங்கியிருக்கிறது, இப்பொழுதே வாங்கிவிடுவோம்' என்பர். வாங்கலாம். ஆனால், கட்டி முடியாத வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் ஆம்ரபாலி நிறுவனத்திடம் வீட்டிற்குப் பணம் கட்டியவர் நாற்பதினாயிரம் பேருக்கு மேல். ஒருபுறம் வாடகை, மறுபுறம் பாங்குத் தவணை என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் துன்புற்றனர். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை ரத்துச் செய்து, எஞ்சிய வீடுகளைக் கட்டி முடிக்கும் பொறுப்பை மத்திய அரசின் நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகின்றது. கட்டடத் திட்டம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் நூற்றுக்கு 10-க்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிட வேண்டும். குறித்த நாளில் வீடு தராவிட்டால், வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இவற்றையெல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்; தரகரின் வாய்மொழி போதாது.

கடனைத் தீர்த்த நல்லவர்க்கும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தங்கள் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் பாங்கு விதித்துள்ளது. பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதை மனைவி மக்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நிறைவாக ஒன்று. வெளி மாநிலத்தில் வாழும் நம்மைப் பெரிதும் வாட்டுவது பணக்குறை மட்டுமன்று. 'ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சமும்தான். டில்லியில் வீடு வாங்கினான் என்று ஊரெல்லாம் பேசிய பின், அதை விற்றான் என்று பேசுவார்களே என்று அஞ்சி, விற்கவேண்டிய நாளில் விற்காமலும், கேட்கவேண்டிய நாளில் கேட்காமலும் பலர் காலத்தைக் கடத்துகின்றனர். ஏல அறிவிப்பு செய்தித்தாளில் பெயரோடும் முகவரியோடும் வெளிவருவது. அதைவிட, அண்ணன் தம்பியிடம் உண்மையைச் சொல்லி ஊர் மனையை விற்பதில் கூச்சம் ஒன்றுமில்லை. ஆகவே இன்றிரவே கடன் பத்திரத்தையும் கடைசியாக வந்த கணக்குத் தாளையும் எடுத்து, குடும்பத்தாரோடு அமர்ந்து மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்னும் எவ்வளவு கடன் இருக்கின்றது, அது எந்த மாதம் முடிகின்றது, சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தவணை கட்டக் கையில் பணம் உண்டு. மூன்றாவது விடை ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால், வேறெதிலும் முதலிடுவதற்கு முன் அதை ஆறு மாதமாக உயர்த்த முயலுங்கள்.